மலை ஏறி இறங்குற நம்பர்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி பக்கத்தோட அடியில கொஞ்சம் இடம் காலியா இருக்கேன்னு ஒரு துணுக்கு போட்டேன். 111111111-ஐ அதே நம்பரால பெருக்கினா 12345678987654321 வரும், இந்தப் பக்கம் இருந்து படிச்சாலும் அந்தப் பக்கம் இருந்து படிச்சாலும் ஒரே நம்பர்தான், விகடகவி மாதிரி, இங்கிலீஷ்ல இதைத்தான் பாலிண்ட்ரோம்னு சொல்றாங்க. அவ்வளவுதான், மூணே வரி. அரசியல் கேள்விக்கு பதில் எழுதினாக்கூட இவ்ளோ பேர் எழுத மாட்டாங்க போல, அப்படி குவிஞ்சிருச்சு. அதனால இந்த வாரம் முழுக்க இந்த ஒரு நம்பர்தான், சினிமா கேள்வி அனுப்பினவங்க மன்னிக்கணும்.

கேள்வி: எக்ஸல்ல 111111111*111111111 போட்டேன் சார், 12345678987654300னு வருது. கடைசி ரெண்டு இடம் சைபர். நீங்க போட்டது தப்பா, கம்ப்யூட்டர் தப்பா? (திருப்பூர்ல பனியன் கம்பெனி ஒண்ணுல அக்கவுண்ட்ஸ் பாக்குற வாசகர்)

நான் போட்டது சரி. கம்ப்யூட்டரும் தப்பு பண்ணலை, அது சோம்பேறித்தனம் பண்ணுது. எக்ஸல் எந்த நம்பரா இருந்தாலும் முதல் 15 இலக்கத்தைத்தான் வச்சுக்கும், அதுக்கு மேல இருக்குறது எல்லாம் சைபர் ஆயிடும். நம்ம ஆளுக்கு 17 இலக்கம். 123456789876543 வரைக்கும் பத்திரமா இருக்கு, மிச்சம் 21 போச்சு. ப்ரவுசர்ல ஜாவாஸ்க்ரிப்ட்ங்குற ப்ரோக்ராம் மொழியில போட்டவங்களுக்கு 12345678987654320னு வந்திருக்கும், ஒண்ணே ஒண்ணு குறையும். அது ஏன்னா அங்க முழு நம்பரை சேதாரம் இல்லாம வச்சுக்குற எல்லை 2-ஐ 53 தடவ பெருக்கினா வர்ற 9007199254740992, அதைத் தாண்டிட்டா கொஞ்ச தூரத்துக்கு இரட்டைப்படை நம்பரை மட்டும்தான் அதால பிடிக்க முடியும், நம்ம நம்பர் ஒற்றைப்படையாச்சே, நழுவிடுது. பைத்தான்ங்குற இன்னொரு ப்ரோக்ராம் மொழியில போடுங்க, முழுசா வரும். இல்லன்னா பேப்பர்ல போடுங்க, அதுவும் முழுசா வரும்.

நீங்க அக்கவுண்ட்ஸ்ல இருக்கீங்கன்னு சொன்னதால ஒண்ணு சொல்லிடறேன். 16 இலக்க கார்டு நம்பரையோ அக்கவுண்ட் நம்பரையோ எக்ஸல்ல சும்மா அடிச்சீங்கன்னா கடைசி இலக்கம் சத்தமில்லாம சைபர் ஆயிடும். அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்த நெட்டு வரிசையை டெக்ஸ்ட்டுனு மாத்திடுங்க. அடிச்ச பிறகு மாத்தினா போன இலக்கம் போனதுதான்.

கேள்வி: அது சரி, ஏன் அப்படி வருது? மேஜிக் மாதிரி இருக்கு. (கும்பகோணம், ப்ளஸ் ஒன் மாணவி)

மேஜிக்கே இல்லம்மா, கோலம். நெஜமாத்தான் சொல்றேன்.

முதல்ல சின்னதா 111-ஐ 111-ஆல பெருக்கு. மூணாங்கிளாஸ்ல போட்ட மாதிரி ஒவ்வொரு வரியையும் ஒரு இடம் இடதுபக்கம் தள்ளி எழுது:

..111
.111.
111..

இப்ப வலதுபக்கத்துல இருந்து ஒவ்வொரு நெட்டு வரிசையிலயும் எத்தனை ஒண்ணு நிக்குதுன்னு எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, ரெண்டு, ஒண்ணு. விடை 12321. இங்க பெருக்கலே நடக்கலை பாரு, எல்லாம் ஒண்ணு தடவ ஒண்ணு, நாம செஞ்சது வெறும் எண்ணிக்கை. ஒன்பது ஒண்ணு போட்டாலும் இதே கதைதான், ஒன்பது வரி, ஒவ்வொண்ணும் ஒரு இடம் தள்ளி. ஓரத்துல ஒரே ஒரு ஒண்ணு நிக்கும், அடுத்ததுல ரெண்டு, நடுவுல போகப்போக கூட்டம் சேந்து ஒன்பது ஆயி, அப்புறம் திரும்ப குறைஞ்சு அந்த ஓரத்துல ஒண்ணு.

இப்ப கோலத்துக்கு வா. வீட்டுல அம்மாவையோ பாட்டியையோ கேளு, இடுக்குப் புள்ளி, நடுவுல 9, ஒண்ணுல நிறுத்துன்னா எப்படி வைப்பாங்கன்னு. நடுவரிசையில ஒன்பது புள்ளி, மேலயும் கீழயும் இடுக்குல எட்டு, ஏழு, ஆறுன்னு குறைச்சுக்கிட்டே போயி ஒத்தப் புள்ளியில முடிப்பாங்க. மேல இருந்து கீழ எண்ணினா 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 8, 7, 6, 5, 4, 3, 2, 1. நம்ம நம்பர் வாசல்ல கெடக்கு! மொத்தம் எத்தனை புள்ளின்னு கூட்டிப் பாரு, 81 வரும். ஏன் 81னா அந்தக் கோலத்தை கொஞ்சம் தலையை சாய்ச்சுப் பாத்தா ஒன்பதுக்கு ஒன்பது கட்டம்தான், மூலையில நிக்க வச்ச கட்டம். பெருக்கல்ல நீ எழுதுன ஒன்பது வரி ஒன்பது ஒண்ணும் அதே கட்டம்தான். அதனாலதான் 12345678987654321-ஓட இலக்கங்களைக் கூட்டினாலும் 81. இன்னும் ஒரு விஷயம், அந்த 81-ஐ வச்சு நம்பரையே பெருக்கிப் பாரு, 999999998000000001 வரும், அது 999999999-ஓட வர்க்கம். காரணத்தை நீயே கண்டுபிடி, ரெண்டு வரிதான்.

கேள்வி: பத்து ஒண்ணு போட்டுப் பாத்தேன், 1234567900987654321னு வந்துச்சு. பாலிண்ட்ரோம் உடைஞ்சிருச்சே, எட்டு எங்க போச்சு? (மதுரை)

கையில ஒண்ணு, அதான் வில்லன்.

பத்து ஒண்ணு போட்டா நடு வரிசையில பத்து ஒண்ணு நிக்கும். பத்தை ஒரு இடத்துல எழுத முடியாதே, சைபரைப் போட்டு கையில ஒண்ணு. அதுக்கு இடதுபக்கம் ஒன்பது நிக்குது, கையில இருக்குற ஒண்ணைச் சேத்தா அதுவும் பத்து, திரும்பவும் சைபர், கையில ஒண்ணு. அடுத்து எட்டு, ஒண்ணு சேந்து ஒன்பது ஆயிடுச்சு, அங்கதான் உங்க எட்டு காணாமப் போனது. அதுக்கப்புறம் 7, 6, 5னு ஒழுங்கா போகுது. அதாவது ஏறுற பக்கம் 1234567 அப்புறம் 9, இறங்குற பக்கம் 987654321 முழுசா இருக்கு. வலதுபக்கம் சேதம் இல்ல, இடதுபக்கம் மட்டும்தான் அடி, ஏன்னா கையில இருக்குற ஒண்ணு எப்பவும் இடதுபக்கமாத்தானே போகும்.

இது பத்துக்குப் பத்தா எண்ணுற நம்ம பழக்கத்தோட கோளாறுதான், நம்பரோட குத்தம் இல்ல. கம்ப்யூட்டர்காரங்க பதினாறு பதினாறா எண்ணுவாங்க இல்லையா, அந்தக் கணக்குல பதினஞ்சு ஒண்ணு வரைக்கும் தாங்கும்.

கேள்வி: இது பகா எண்ணா? (சேலம்)

ஒரு நம்பரோட வர்க்கம் எப்படிங்க பகா எண்ணா இருக்கும், 111111111-ஆல வகுபடுதே.

கேள்வி: நான் கணக்கு டீச்சர். 12345678987654321-ஐ பகாக்காரணியா பிரிச்சு கிளாஸ்ல காட்டணும், மரம் போட ஆரம்பிச்சு பாதியில மாட்டிக்கிட்டேன். (புதுக்கோட்டை)

டீச்சர், பெரிய நம்பரைத் தொடவே வேணாம். 111111111-ஐப் பிரிச்சா போதும், அப்புறம் எல்லாத்தையும் ரெட்டிப்பு பண்ணிக்கலாம்.

ஒன்பது ஒண்ணை மூணு மூணா கொத்து பிரிங்க: 111, 111, 111. அதாவது 111 தடவ 1001001. 111னா 3 தடவ 37. 1001001-ஐ இலக்கம் கூட்டினா 3, அதனால மூணால போகும், 333667 வரும். இந்த 333667 பகா எண், இங்கதான் நீங்க மாட்டியிருப்பீங்க, மூணு மூணா வருதே இன்னும் போகும்னு தோணும், போகாது. ஆக 111111111 என்பது 3 தடவ 3 தடவ 37 தடவ 333667. நம்ம நம்பர்ல மூணு நாலு தடவ, 37 ரெண்டு தடவ, 333667 ரெண்டு தடவ. அதை மிச்சமில்லாம வகுக்குற எண்கள் மொத்தம் 45. பிள்ளைங்க யாராவது 1-ல இருந்து 9 வரைக்கும் கூட்டினாலும் 45 வருதே சார்னு கேப்பாங்க, அது தற்செயல்தான்னு சொல்லிடுங்க, எல்லாத்துலயும் அர்த்தம் தேட ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த முடியாது.

கிளாஸ்ல காட்ட இன்னொரு ஐட்டம். 37-ஐயும் 333667-ஐயும் பெருக்கினா 12345679, நடுவுல எட்டு இல்லாத வரிசை. அதை 9-ஆல பெருக்கினா 111111111, 63-ஆல பெருக்கினா 777777777. யாராவது ஒரு பையனைப் பிடிச்சு உனக்குப் புடிச்ச இலக்கம் எதுடான்னு கேட்டு, அதை ஒன்பதால பெருக்கி, வர்றதை வச்சு 12345679-ஐப் பெருக்கச் சொல்லுங்க. நான் ஸ்கூல்ல படிக்கிறப்ப எங்க வாத்தியார் இதைப் போட்டுக் காட்டினாரு, போர்டு பூரா ஆறா வந்து நின்னப்ப வந்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. இந்த எட்டு ஏன் இல்லன்னு கேட்டா மதுரைக்காரருக்குச் சொன்ன பதில்தான். ஒண்ணை 81-ஆல வகுத்தா 0.012345679012345679னு ஓடிக்கிட்டே இருக்கும், அங்கயும் பத்து வந்த இடத்துல கையில ஒண்ணு பின்னாடி தள்ளி எட்டை ஒன்பது ஆக்கிடுது.

கேள்வி: இதைக் கண்டுபிடிச்சது ராமானுஜன்னு எங்க ஃபேமிலி குரூப்ல ஃபார்வர்டு வந்துச்சு. (வேலூர்)

கணக்குல எது அழகா இருந்தாலும் அவர் தலையில கட்டிடறாங்க. அவர் பொறந்தது 1887. இந்த ஜாதி நம்பர் அதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே நம்ம பக்கத்து மண்ணுல எழுதி வச்சிருக்கு. ராஷ்டிரகூட ராஜா அமோகவர்ஷர் காலத்துல, 850 வாக்குல, மகாவீராச்சாரியார்னு ஒரு சமணக் கணிதர், அவரோட கணித சார சங்கிரகம்ங்குற நூல்ல 12345654321-ஐச் சொல்றாரு. எப்படிச் சொல்றாருன்னா ஒண்ணுல தொடங்கி ஆறு வரை ஏறி அப்புறம் வரிசையா இறங்குறதுன்னு. ஆறு ஒண்ணோட வர்க்கம் அது. அதோட விட்டாரா, இந்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒத்துப் போற நம்பருங்களை எல்லாம் கழுத்துல போடுற மாலைன்னு சொல்லி, எந்த ரெண்டு நம்பரைப் பெருக்கினா இந்த மாலை வரும்னு கணக்காவே போட்டிருக்காரு. 27994681-ஐ 441-ஆல பெருக்கு, 12345654321. 142857143-ஐ 7-ஆல பெருக்கு, 1000000001. நான் முதல் கணக்கை பஸ் டிக்கெட் பின்னாடி போட்டு சரிபாத்தேன், இடம் பத்தலை, கண்டக்டர்கிட்ட ஒரு பேப்பர் வாங்கினேன், விடை சரியா வந்துச்சு. அந்த நூலை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து 1912-ல அச்சுக்குக் கொண்டுவந்தவர் மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ் சமஸ்கிருதப் பேராசிரியர் எம். ரங்காச்சார்யா, போட்டது மெட்ராஸ் கவர்மெண்ட் பிரஸ். நம்ம ஊருக்கும் அதுல ஒரு பங்கு உண்டுன்னா அது இதுதான்.

அப்புறம் இந்த நம்பர்களுக்கு டெம்லோ நம்பர்னு ஒரு பேர் இருக்கு. வச்சவர் டி. ஆர். கப்ரேகர், நாசிக் பக்கத்துல தேவ்லாலியில ஸ்கூல் வாத்தியார். பம்பாய்ல இருந்து முப்பது மைல் தள்ளி டெம்லோன்னு ஒரு ரயில்வே ஸ்டேஷன், இப்ப டோம்பிவிலி, அங்க இருக்குறப்பதான் இந்த நம்பர்களை ஆராயலாம்னு தோணிச்சாம், ஸ்டேஷன் பேரையே வச்சிட்டாரு. நமக்கெல்லாம் ஸ்டேஷன்ல நின்னா வண்டி ஏன் லேட்டுன்னுதான் தோணுது. 6174-ங்குற நம்பரை உலகத்துக்குக் காட்டினதும் இந்த மனுஷன்தான், பெரிய படிப்பு எதுவும் இல்ல, பி.எஸ்ஸி. மட்டும்தான். அவரைப் பத்தி தனியா ஒரு வாரம் எழுதணும்.

கேள்வி: கூட்டுத்தொகை 81, அதைக் கூட்டினா 9. என் பொண்ணுக்கும் 9-ஆம் நம்பர், இதை எழுதி பர்ஸ்ல வச்சுக்கலாமா? (நாகர்கோவில்)

வச்சுக்கலாம், எடை ஒண்ணும் இல்ல. ஆனா ஒன்பதால வகுபடுற எந்த நம்பரா இருந்தாலும் கூட்டிக்கிட்டே போனா 9-லதான் முடியும், 18-ம் அப்படித்தான், கரண்ட் பில்லு 729 ரூபா வந்தா அதுவும் அப்படித்தான்.

கேள்வி: எங்கிட்ட 123321னு முடியுற ஒரு பத்து ரூபா நோட்டு இருக்கு. அபூர்வமா? என்ன விலை போகும்? (பழனி)

விலை பத்து ரூபா, அதை உறுதியா சொல்லலாம். நோட்டுல கடைசி ஆறு இலக்கம்தான் ஓடுற நம்பர். ஆறு இலக்க பாலிண்ட்ரோம்னா முதல் மூணு இலக்கம் முடிவாயிட்டா மிச்சம் மூணு தானா வந்துடும், அதனால பத்து லட்சம் நோட்டுல ஏறக்குறைய ஆயிரம் நோட்டு இப்படி இருக்கும், ஆயிரத்துக்கு ஒண்ணு. ஒரு மளிகைக் கடை கல்லாவுல ரெண்டு நாள் உக்காந்தா இன்னொண்ணு கிடைச்சிரும். நம்ம 17 இலக்க நம்பர் அப்படி இல்ல, 17 இலக்கத்துல பத்து கோடிக்கு ஒண்ணுதான் பாலிண்ட்ரோம்.

உங்க நோட்டை 11-ஆல வகுத்துப் பாருங்க. 11211, மிச்சம் இல்ல. இரட்டைப்படை எண்ணிக்கையில இலக்கம் உள்ள பாலிண்ட்ரோம் எல்லாமே 11-ஆல போகும், விதிவிலக்கே கிடையாது. 123321-ஐப் பிச்சுப் போட்டா ஒரு 100001, ரெண்டு 10010, மூணு 1100, இதுல ஒவ்வொண்ணும் 11-ஆல போகுது, அப்ப கூட்டினதும் போகத்தானே செய்யும். இதனால என்ன ஆகுதுன்னா இலக்கங்களோட எண்ணிக்கை இரட்டைப்படையா இருக்குற நம்பர்கள்ல பாலிண்ட்ரோமாவும் பகா எண்ணாவும் இருக்குறது 11 மட்டும்தான், மத்த எதுக்கும் வாய்ப்பே இல்ல. நம்ம பெரிய நம்பருக்கு 17 இலக்கம், ஒற்றைப்படை, அதனால தப்பிச்சுது, 11-ஆல வகுத்தா மிச்சம் 1.

கேள்வி: இதைத் தமிழ்ல எப்படிப் படிக்கிறது? (புதுச்சேரி)

மூச்சு புடிச்சுக்குங்க. 123 கோடியே 45 லட்சத்து 67 ஆயிரத்து 898 கோடியே, 76 லட்சத்து 54 ஆயிரத்து 321. கோடிக்குள்ள கோடி. இத்தனை செகண்டுன்னா சுமார் 39 கோடி வருஷம் ஆகும், டைனோசர் வந்ததே 23 கோடி வருஷம் முந்திதான்.

கேள்வி: பேய் நம்பர்னு ஒண்ணு இருக்காமே, அதுவும் பாலிண்ட்ரோமாமே? (தூத்துக்குடி)

இருக்கு. 1 போட்டு, 13 சைபர், நடுவுல 666, திரும்ப 13 சைபர், கடைசியா 1. மொத்தம் 31 இலக்கம், 31-ஐத் திருப்பினா 13. கண்டுபிடிச்சவர் ஹார்வி டப்னர், நரகத்து அதிபதிகள்ல ஒருத்தனான பெல்ஃபெகோர் பேரை வச்சவர் கிளிஃபோர்ட் பிக்கோவர். பயமுறுத்துற சமாச்சாரம் எல்லாம் நாம ஒட்டினது, ஆனா இது பகா எண், அது நெஜமாவே பெரிய விஷயம், நம்ம மலை நம்பருக்கு இல்லாத பெருமை.

கேள்வி: எந்த நம்பரா இருந்தாலும் திருப்பிப் போட்டு கூட்டிக்கிட்டே போனா பாலிண்ட்ரோம் வந்துடும்னு என் பையன் சொல்றான். 196-ல ஆரம்பிச்சு ராத்திரி பூரா உக்காந்திருக்கான், தூங்கவும் மாட்டேங்குறான். (ஈரோடு, ஒரு அம்மா)

அய்யோ, 196-ஐயா எடுத்தான்! வேற நம்பரைக் கொடுங்கம்மா. 87 கொடுங்க. 87-ம் 78-ம் 165, அதோட 561 சேந்தா 726, அதோட 627 சேந்தா 1353, அதோட 3531 சேந்தா 4884. நாலு தடவையில முடிஞ்சுது, பையன் தூங்கிடுவான். 89 கொடுத்தீங்கன்னா கொஞ்சம் கஷ்டம், 24 தடவ கூட்டி 8813200023188 வர்ற வரைக்கும் உக்காரணும்.

196 மட்டும் 887, 1675, 7436, 13783னு போயிக்கிட்டே இருக்கு. வருமா வராதான்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் நிரூபிக்கலை. ஆட்டோகேட் சாஃப்ட்வேர் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ஜான் வாக்கர், 1987-ல ஒரு கம்ப்யூட்டரை இதுக்குன்னே ஓட விட்டாரு, மத்த வேலை இல்லாத நேரத்துல எல்லாம் அது பாட்டுக்குக் கூட்டிக்கிட்டு இருந்துச்சு. கிட்டத்தட்ட மூணு வருஷம். 1990-ல நம்பர் பத்து லட்சம் இலக்கம் ஆயிடுச்சு, 24 லட்சம் தடவைக்கு மேல கூட்டியாச்சு, பாலிண்ட்ரோம் வரலை.

பையன் காரணம் கேட்டா இதைச் சொல்லுங்க. திருப்பிப் போட்டு கூட்டுறப்ப எந்த இடத்துலயும் பத்தைத் தொடலைன்னா விடை கண்டிப்பா பாலிண்ட்ரோம்தான், ஏன்னா இந்தப் பக்கம் என்ன கூடுதோ அதேதான் அந்தப் பக்கமும் கூடும். மேல 1353 கணக்கைப் பாருங்க, எங்கயும் பத்து வரலை, உடனே 4884. பத்து வந்துட்டா கையில ஒண்ணு, அது இடதுபக்கம் மட்டும் போயி உக்காரும், பெரும்பாலும் ஒத்துமை கெட்டுது. நம்பர் நீளமாக ஆக எங்கயாவது ஒரு இடத்துலயாவது பத்து வந்துகிட்டேதான் இருக்கும், 196 அதுலதான் மாட்டிக்கிட்டு இருக்குன்னு எல்லாரும் நம்புறாங்க. 0, 1 மட்டும் வச்சு எண்ணுற கம்ப்யூட்டர் கணக்குல சில நம்பர் பாலிண்ட்ரோம் ஆகவே ஆகாதுன்னு நிரூபிச்சுட்டாங்க, உதாரணத்துக்கு நம்ம 22, அங்க அது 10110. நம்ம பத்துக் கணக்குல 196-க்கு அந்த நிரூபணம் பாக்கி.

பையன் இப்ப எத்தனையாவது தடவையில இருக்கான்? தப்பா கூட்டி பாலிண்ட்ரோம் வந்துச்சுன்னு எழுதினா நான் சரிபாப்பேன், அதையும் சொல்லிடுங்க.